ஆறு பேர் ஏறக்கூடிய படகு

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். தொண்ணூற்று மூன்று டிகிரி வெயில். கடல் நூறடி தூரத்தில் இருந்தும் காற்று இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடலோர ஊரான கால்வெஸ்டனில் நான் நுழைந்த முதல் பாருக்கு மூன்று படிகள். மூன்றாவது படியில் நின்று, திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். எழுபத்து நான்கு வயதில், வீடு இருக்கும் காப்பெலிலிருந்து முந்நூறு மைல் காரோட்டி வந்துவிட்டு, படியில் நின்று யோசிப்பதில் அர்த்தமில்லை. கதவைத் தள்ளினேன்.

காரின் பின் இருக்கையில், சீட் பெல்ட் மாட்டிய ஒரு பெட்டியில், என் மனைவியின் அஸ்தி இருந்தது. வெயிலில் வண்டிக்குள் விட்டுவிட்டு வந்தோமே என்று மனம் அடித்துக்கொண்டது. எரிந்து முடிந்ததற்கு வெயில் என்ன செய்யும்?

அவள் போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. மாப்பிள்ளை ஊருக்குப் போகும்போது ராமேஸ்வரத்தில் கரைப்பதாகத்தான் ஏற்பாடு. நான்தான் மாற்றினேன். அஸ்தியை மகன் கையால் கரைக்க வேண்டும், அதுவும் நான் பக்கத்தில் நிற்கும்போது என்று பிடிவாதம் பிடித்தேன். மகன் இருக்கும் இடம் எனக்குத் தெரியாது. மகளிடம் கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டாள். சென்ற வருடம் ஓர் உறவினர், அக்கறை என்ற பெயரில், ஒரு படத்தை அனுப்பியிருந்தார்: வானவில் கொடிக்குக் கீழே கையில் கிளாசோடு என் மகன், பின்னால் கால்வெஸ்டன் கடல். என்னிடம் இருந்த விலாசம் அது ஒன்றுதான். அந்தக் கொடி பறக்கும் பார்களில் தேடுவதாக முடிவு செய்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு படகைப் பேசியிருந்தேன். கரையிலிருந்து மூன்று மைல் தாண்டித்தான் கரைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம்.

முதல் பாரில் ஆறு ஸ்டூல், நான்கு ஆட்கள். இருட்டும் குளிரும். உட்கார்ந்திருந்த நால்வரில் இருவர் என் வயதுக்காரர்கள். கூச்சலும் ஆட்டமும் இருக்கும் என்று எண்ணித்தான் உள்ளே போனேன். அவர்கள் டெலிவிஷனில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோடா வாங்கிக்கொண்டு போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பாரில் நின்ற பெண் படத்தைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தாள். இங்கே யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று வெளியாளுக்குச் சொல்வதில்லை என்றாள். நான் அவன் அப்பா என்றேன். அப்பாக்களுக்கு முக்கியமாகச் சொல்வதில்லை என்றாள்.

இரண்டாவது பார் ஒரு தெரு தள்ளி. பின்புறம் திறந்த முற்றம், வாழைமரம் ஐந்து, தண்ணீர் தெளிக்கும் மின்விசிறி இரண்டு. இங்கேயும் அதே பதில். கைத்தடியோடு உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், "முதல் தடவையா?" என்று கேட்டார். என்னையும் தம்மைப் போன்றவர் என்று நினைத்துவிட்டார். மகனைத் தேடி வந்ததாகச் சொன்னேன். அவர், "என் அப்பா ஒருநாளும் தேடி வரவில்லை, வந்திருந்தால் பின்வாசல் வழியாக ஓடியிருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேசைமேல் இருந்த காகித நாப்கினைக் காட்டி, "கேட்காதே, எழுதிக் கொடு. வேண்டியவரிடம் அவர்கள் சேர்ப்பார்கள். அதுதான் இங்கே வழக்கம்" என்றார்.

மூன்றாவது பாரில் எழுதிக் கொடுத்தேன். "அம்மாவின் அஸ்தி கொண்டுவந்திருக்கிறேன். நாளை காலை ஏழு மணிக்குப் படகு. ஆறு பேர் ஏறலாம். அப்பா." தமிழில் எழுதியதை பார்க்காரர் ஒருமுறை தலைகீழாகப் பார்த்தார், போனில் படமெடுத்தார், உள்ளே போனார்.

நாற்பத்தைந்து நிமிடம் கழித்து வந்தது என் மகன் இல்லை. மருத்துவமனை நர்ஸ் போடும் நீலச் சட்டையில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ்ப் பையன். என் எதிரே உட்கார்ந்தான்.

"அங்கிள், நானும் அவனும் ஒண்ணாதான் இருக்கோம். மூணு வருஷமா. அதை முதல்ல சொல்லிடறேன், அப்புறம் ஷாக் ஆகக் கூடாது பாருங்க."

"அவன் வரலையா?"

"வெளிய கார்ல இருக்கான். உள்ள வர மாட்டான். ஏதாவது சாப்பிட்டீங்களா? சுகர் இருக்குல்ல உங்களுக்கு?"

"என் சுகர் உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆன்ட்டி சொல்வாங்க."

எனக்குப் புரியவில்லை. அவனே சொன்னான்.

"டெய்லி சாயங்காலம் கால் பண்ணுவாங்க அங்கிள். 'அவர் வாக்கிங் போயிட்டார், நாப்பது நிமிஷம் இருக்கு'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. வத்தக்குழம்பு எனக்கு அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. மழை பெஞ்சா ரெண்டு நிமிஷத்துல கட் பண்ணிடுவாங்க, நீங்க திரும்பிடுவீங்கன்னு."

நான் தினமும் ஏரியை ஐந்து சுற்று சுற்றுவேன். நாற்பது நிமிடம். திரும்பியதும் எத்தனை சுற்று, எத்தனை அடி என்று அவள் கேட்பாள். என் கணக்கைக் கேட்க இந்த உலகத்தில் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று நினைத்திருந்தேன். போன வருடம் அவளே, "இன்னொரு ரவுண்டு கூடப் போங்களேன், சுகர் குறையும்" என்றாள். ஆறாக்கினேன். நாற்பத்தெட்டு நிமிடம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் என் மகன் தன்னைப் பற்றி எங்களிடம் சொன்னான். நான் இரண்டு கேள்வி கேட்டேன், பிறகு கேட்கவில்லை. கேட்காமல், அவன் ஜாதகத்தையும் போன் நம்பரையும் பதினொரு இடத்தில் கொடுத்தேன். கல்யாணமானால் சரியாகிவிடும் என்று உண்மையாகவே நம்பினேன். வெஸ்ட் வின்ட்சரிலிருந்து ஒரு பெண்ணின் பெற்றோர் விமானமேறி வந்து, பழத்தட்டோடு அவன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அவன் நம்பரை மாற்றினான், ஊரை மாற்றினான். புது நம்பர் என் மனைவியிடம் இருந்திருக்கிறது.

"அவ போனது உங்களுக்குத் தெரியும்னா, ஏன்பா வரலை?" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"வந்தோமே. ராத்திரி பூரா டிரைவ் பண்ணி வந்தோம். பார்க்கிங் லாட்ல ஒரு மணி நேரம். அப்புறம் அவன் இறங்கி, கிரிமேஷன் நடந்த ஹாலோட கதவு வரைக்கும் வந்தான். காரியம் பண்ணி வெச்ச வாத்தியார் உங்களை ஒரு கேள்வி கேட்டாரே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. பிள்ளை இருக்கிறாரா என்று கேட்டார். இங்கே கொள்ளி என்பது ஒரு பட்டன்தான், அதைப் பிள்ளை அழுத்த வேண்டும். நாற்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "ஒரே பொண்ணுதான்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு நானே போய் அழுத்தினேன்.

"அதைக் கேட்டுட்டுத்தான் திரும்பிட்டான்" என்றான்.

பாரில் யாரோ பாட்டு வைத்தார்கள். வேலை முடிந்த இளைஞர்கள் சிரித்துக்கொண்டு உள்ளே வர ஆரம்பித்திருந்தார்கள். அவன் எழுந்து வெளியே போனான். பன்னிரண்டு நிமிடம் கழித்துத் திரும்பினான்.

"அம்மாவுக்காக வரேங்கறான் அங்கிள். ஆனா போட்ல நீங்க இருக்கக் கூடாதாம்."

"காசு கட்டினவன் நான். அவ புருஷன் நான்."

"பெட்டியைக் குடுத்துட்டு கார்லயே உக்காந்துக்கோங்க. அன்னிக்கு நாங்க உக்காந்த மாதிரி." சொன்னதும் அவன் முகம் மாறியது. "சாரி. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"இல்லை, சரிதான்" என்றேன். "உன்னால கூடப் போக முடியுமா? அவனுக்கு அலை ஒத்துக்காது. வாந்தி எடுப்பான்."

"தெரியும் அங்கிள்."

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்குப் பெட்டியை நர்ஸ் பையன் கையில் கொடுத்தேன். ஆறு பவுண்டு இருந்தது. சீட் பெல்ட்டை நானே கழற்றினேன். பிறகு காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். என் மகன் படகுத்துறைக்கு வேறு பக்கமாக வந்தான். வேட்டி கட்டியிருந்தான். கட்டத் தெரியாதவன், இடுப்பில் பெல்ட் போட்டிருந்தான். தலையில் பின்புறம் நரை தெரிந்தது. முப்பத்தெட்டு வயது, அவ்வளவு நரை எனக்கு அந்த வயதில் இல்லை. படகில் ஏறியதும் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

ஒரு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. என் கார் அவனுக்குத் தெரியும். அதே கார்தான், பதின்மூன்று வருடமாக. அதைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டிப் போனான். நர்ஸ் பையன் மட்டும் வந்து, கழுவிய வெறும் பெட்டியைச் சன்னல் வழியாக நீட்டினான். நான் வாங்கி, பழைய இடத்திலேயே வைத்தேன்.

படகு 425, ஆறு பேருக்கான கட்டணம், போனது இரண்டு பேர். படகுக்காரருக்கு டிப்ஸ் 60. அறை வாடகை 119. போக வரப் பெட்ரோல் 66. மூன்று பாரில் மூன்று சோடா, டிப்ஸோடு 12. மொத்தம் அறுநூற்று எண்பத்திரண்டு டாலர்.