பிளந்த வாலும் விசிறி வாலும்

காலை ஏழு மணி, நீடாமங்கலம் ரயிலடி. ஐந்து கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது ரூபாய் கேட்டார். "பருந்து பாக்கவா சார் வந்தீங்க? எங்க ஊர்ல அது சும்மாவே பறக்கும்" என்று சிரித்தார். சும்மா பறப்பதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன்.

ஏழரை. சம்பா அறுவடை முடிந்த வயல்கள், பள்ளங்களில் தண்ணீர். தலைக்கு மேலே கரும்பருந்தும் செம்பருந்தும் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டன. வாய் பிளந்து நின்றேன். இரண்டும் பங்காளிகள். செங்கல் நிற உடம்பும் வெள்ளைத் தலையும் உள்ள செம்பருந்தை ஊர் கருடன் என்று கும்பிடும். மற்றதைக் கல்லெடுத்து விரட்டும். ஆனால் வெயிலுக்கு எதிரே பார்த்தால் இரண்டும் கறுப்புதான். அப்போது வாலைப் பார்க்க வேண்டும். பிளந்திருந்தால் கரும்பருந்து, விசிறிபோல் வட்டமாக இருந்தால் செம்பருந்து.

எட்டு மணி. செல்வி என்ற பெண் வயலில் வாத்துக் குஞ்சுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். வாங்கிவிட்ட நாற்பதில் பதினொன்றைப் பருந்து தூக்கிவிட்டதாம். வரப்பில் ஒரு கெண்டை மீன் கிடந்தது.

"தொட்டுடாதீங்க சார். எலி மருந்து வச்சிருக்கேன், அந்தக் கறுப்புச் சனியனுக்கு."

நான் மீனை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தேன். "அதுதான்னு எப்படித் தெரியும்?"

"தெனம் காலைல கெழக்கேருந்து கறுப்பா வருது. கண்ணால பாத்தேங்க."

பேசும்போதே வந்துவிட்டது, சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல். செல்வி கல்லை எடுத்தார். நான் வாலைப் பார்த்தேன். விசிறி. ஒரு குஞ்சை வாரிக்கொண்டு அது திரும்பியபோது வெயில் அதன்மேல் விழுந்தது. செங்கல் சிவப்பு, பால்வெள்ளைத் தலை. அத்தனை அழகை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. குஞ்சின் கால்கள் உதறுவது தெரிந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை.

செல்வி கல்லைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த நொடி முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, கருடனுக்கா மருந்து வச்சேன்!"

ஓடிப்போய் அந்த மீனை வாழைப்பட்டையில் அள்ளி, மண்வெட்டியால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"கரும்பருந்தா இருந்திருந்தா?"

"மீன் அங்கயேதான் கெடந்திருக்கும் சார்" என்றார், மண்ணை மிதித்து அமுக்கியபடி.

பத்தரைக்குத்தான் பஸ். கருடன் திருடியதால் கரும்பருந்து உயிர் பிழைத்தது. அது ஒன்றும் அறியாமல் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. பஸ் வரும்வரை அதன் பிளந்த வாலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.