ஆளில்லாத வீட்டுக்கு ஒரு சலாம்

நேற்று அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கி மறுபடியும் கரகரத்தது. மருதமுனை சமூன் காக்கா மௌத்தாகிவிட்டார் என்று மரண அறிவித்தல் சொன்னார்கள். போன வெள்ளிக்கிழமைதான் கல்முனைச் சந்தையில் என் வயிற்றைத் தட்டி, "என்ன தம்பி, கப்பல்ல திண்ட சோறு இன்னும் இறங்கல்லியா?" என்று கேலி பண்ணினார்.

அவரை நீங்கள் பலவிதமாக அறிந்திருப்பீர்கள். எனக்கு அவர் கப்பல்காரர், கூடப்பிறக்காத அண்ணன். ஓர் உல்லாசப் பயணக் கப்பலில் அவர் சலவைப் பகுதியில் இருந்தார். நான் சமையலறையில் வெங்காயம் உரித்தேன். பயணிகள் ஊர் ஊராக இறங்கிப் பார்ப்பார்கள். எங்களுக்குக் கரை என்பது அவர்கள் கொண்டுவரும் அழுக்குத் துணியும் பசியும்தான். இருவருக்கும் சேர்ந்தாற்போல் கரையிறங்கக் கிடைத்தது ஒரேயொரு தடவை, கிரேக்க நாட்டுக் கரையோரச் சிற்றூர் ஒன்றில்.

அன்று காக்காவைப் பிடிக்க முடியவில்லை. துறையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவரோடு தமிழிலேயே கதைக்கத் தொடங்கிவிட்டார். அந்த மனிதரும் சளைக்காமல் தன் மொழியில் பதில் சொன்னார். இருவரும் எதற்கோ ஒத்துக்கொண்டு தலையாட்டினார்கள். கடையொன்றில் பொரித்த சாளை தின்றோம். "மீன் நம்மடதான் தம்பி, மிளகாத்தூள்தான் காணாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

பிறகு மேட்டிலிருந்த பழங்கால இடிபாடுகளுக்கு ஏறினோம். எல்லோரும் பெரிய தூண்களின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். காக்கா தூண்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. அப்பால், முழங்கால் உயரம் மட்டும் மிஞ்சிக் கிடந்த வீட்டுச் சுவர்களிடம் போனார். நான் ஒரு சுவரைத் தாண்டக் காலைத் தூக்கினேன்.

"ஏய், செவரால ஏறாத. வாசல் இருக்கு, வாசலால வா!"

படிக்கல்லில் கதவு சுழன்ற குழி அப்படியே இருந்தது. அவர் வலது காலை எடுத்து உள்ளே வைத்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆருக்குக் காக்கா சலாம்? இஞ்ச ஆக்கள் இருந்து எத்தின காலம்!"

"ஆளில்லாட்டியும் சலாம் செல்லித்தான் உள்ள பூரணும். ஊடு ஊடுதானே."

முற்றத்தில் ஒரு கிணறு. அதன் கல் விளிம்பில் கயிறு அறுத்த தடங்கள். அவற்றில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே நின்றவர் அழுதுவிட்டார். கடலோரத்திலிருந்த அவருடைய வீட்டையும் மனைவியையும் சுனாமி கொண்டுபோனது எனக்குத் தெரியும். அதைப்பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. அன்றுதான் திறந்தார்.

"அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். லீவுல போனா அங்கதான் போய்க் குந்திக்கொண்டிருப்பன். கடலுக்குப் போற ஆக்கள் குறுக்கால மிதிச்சிட்டுப் போவாங்க. அவங்களப் பிழை செல்லேலா, அவங்களுக்கு அது கல்லு. எனக்கு அவ உள்ளுக்கு இருக்கிற மாதிரி."

அதே இடத்தில் மறுபடி கட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. கடலுக்கு அவ்வளவு கிட்டக் கட்ட முடியாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்த வீட்டில் கடைசிவரை இருந்தார். அதை ஒருநாளாவது 'ஊடு' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'தந்த இடம்' என்பார்.

நேற்று மதிய லுஹர்த் தொழுகைக்குப் பிறகு அவரை அடக்கிவிட்டுத் தனியாகக் கடற்கரைக்குப் போனேன். மணல் மூடியது போக அத்திவாரம் கொஞ்சம் தெரிந்தது. கடலை நோக்கிக் குறுக்கே போகத் தூக்கிய கால் தானாக நின்றது. சுற்றிப் போய்க் கிணற்றுப் பக்கம் படிக்கல்லைத் தேடிப்பிடித்தேன். வலது காலை வைத்துச் சலாம் சொன்னேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சுற்றுவழிதான். அவரை அறிந்தவர்களே, அந்தப் பக்கம் போனால் நீங்களும் வாசலால் போங்கள், சலாம் சொல்லுங்கள். இப்போது உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள்.