பதினொரு ஜெசிந்தா

சர்வர் பார்க்கிறவனை யாரும் நலம் விசாரிக்கக் கூப்பிடுவதில்லை. ஃபோன் வந்தாலே எங்கேயோ எதுவோ நின்றுவிட்டது என்று அர்த்தம். இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது தெரியாததில்லை. ஆனாலும் தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்ததை யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

சக்கரம் சுற்றுது

அந்த ஆஸ்பத்திரியில் முப்பது மேஜைகளில் திரை இருக்கும். வேலை நடப்பதென்னவோ இரண்டாம் மாடியிலுள்ள ஒரே சர்வரில். யார் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்தாலும் அவர் பெயரில் அங்கே ஒரு செஷன் திறக்கும், ஆளுக்கொரு அறை கொடுத்த மாதிரி. ஒரு திங்கட்கிழமை காலை சி.பி.யூ. நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. லேபில் பரிசோதனை முடிந்துவிட்டது. ரிசல்ட்டைத் தட்டினால் திரையில் சக்கரம்தான் சுற்றுகிறது.

லேப் இன்சார்ஜ் ஜெசிந்தா அக்கா பல்லாவரத்திலிருந்து ரயிலில் வருபவர். பத்தொன்பது வருஷமாக அதே லேப். ஐ.சி.யூ. நோயாளியின் பொட்டாசியம் அளவைத் துண்டுச் சீட்டில் எழுதி, தானே மாடியேறிக் கொடுத்துவிட்டு, ஃபோன் வந்து ஓடிப்போயிருந்த என்னிடம் மூச்சு வாங்க வந்தார். "சீக்கிரம் பாருப்பா. இன்னொரு தடவை ரிசல்ட் லேட்டானா என்னைத் தூக்கிடுவேன்னு அட்மின் சார் சொல்லிட்டாரு."

இரண்டு வரி

செஷன் பட்டியலைத் திறந்தேன். சர்வரைத் தின்றுகொண்டிருந்தவை பதினொன்று. பதினொன்றும் ஒரே பெயரில்: ஜெசிந்தா. ஒவ்வொன்றும் ரிசல்ட் பட்டியலை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டிருந்தது. நாம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பதினொன்றையும் ஒரே மூச்சில் முடித்தேன். சர்வர் அடங்கியது. ஆனால் அந்த மென்பொருள், ஓடுகிற செஷனை மட்டும்தான் காட்டும். எந்த மேஜையிலிருந்து திறந்தது என்ற விவரமும் செஷனோடு போய்விடும். தெரிந்தும், அவசரத்தில் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அறிக்கை அனுப்பினேன்: "சுமைக்குக் காரணம் பயனர் ஜெசிந்தாவின் பதினொரு செஷன்கள். நீக்கப்பட்டன." இரும்புலியூரில் உள்ள எங்கள் கம்பெனி ஆபீசுக்குத் திரும்புவதற்குள் ஆஸ்பத்திரி அட்மின் சாரிடமிருந்து ஃபோன். "கரெக்டா ஆளைப் பிடிச்சுக் குடுத்துட்டீங்க தம்பி."

ஓரத்து எக்ஸ்

ஒரே ஆள் எதற்குப் பதினொரு செஷன் திறக்கப்போகிறார்? மறுநாள் வார்டுக்குப் போய் நின்று பார்த்தேன். ஒரு சிஸ்டர் வந்தார், அக்காவின் பாஸ்வேர்டைப் போட்டார், ரிசல்ட் பார்த்தார், ஓரத்து எக்ஸை அழுத்திவிட்டு ஓடினார். திரை மூடியது. செஷன் மூடவில்லை, சர்வரில் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. முறையாக லாக் அவுட் செய்தால், திரும்ப உள்ளே வர நாலு நிமிஷம் ஆகுமாம். நர்ஸ்கள் தங்கள் பெயரில் போனால் டாக்டர் கையெழுத்திடும்வரை ரிசல்ட் தெரியாது. அதற்காகவே அக்கா தன் பாஸ்வேர்டை எல்லா வார்டுக்கும் கொடுத்து வைத்திருக்கிறார்.

"இதை அட்மின் சார்கிட்ட சொல்லுவீங்களா சிஸ்டர்? அக்கா வேலை போயிடும்" என்றேன். அவர் ஊசியைத் தட்டிக்கொண்டே சொன்னார். "சொன்னா பாஸ்வேர்டைப் பிடுங்கிடுவாங்க. அப்புறம் நாலாம் பெட்டுக்கு சுகர் எவ்ளோன்னு நான் யாரைப் போய்க் கேக்கறது அண்ணா?"

ஆமாவா, இல்லையா

புதன்கிழமை விசாரணை. அறையில் அட்மின் சார், அக்கா, நான். "சார், அது வார்டுல இருந்து திறந்தது..." என்று ஆரம்பித்தேன். "எந்த வார்டு? எந்த மேஜை? காட்டுங்க" என்றார். திங்கட்கிழமை செஷன்களோடு அந்த விவரத்தையும் நானே அழித்திருந்தேன். "பேர் இவங்களுதா? ஆமாவா, இல்லையா?" என் குரல் சாதாரணமாகவே பக்கத்து நாற்காலிக்குத்தான் கேட்கும். அன்று "ஆமா சார்" மட்டும் அறை முழுக்கக் கேட்டது.

"பாஸ்வேர்டு குடுத்தது தப்புதான் சார்" என்றார் அக்கா. யாருக்கு என்று சொல்லவில்லை. கேளம்பாக்கத்தில் இருக்கும் ரத்தம் எடுக்கும் சென்டருக்கு மாற்றல். இன்சார்ஜ் பதவி கிடையாது. படியில் இறங்கும்போது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கைப்பையை மாட்டிக்கொண்டார். "விடு தம்பி. கம்ப்யூட்டர் காட்டுறதைத்தானே நீ எழுதுவ."

ஒன்பது முரளி

புது இன்சார்ஜ் முரளி சார் நல்ல மனுஷன். நர்ஸ்கள் மாடிக்கும் லேபுக்கும் ஓடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரே வாரத்தில் தன் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். அடுத்த திங்களே சர்வர் மறுபடி நூறு. பட்டியலில் ஒன்பது முரளி. இந்தத் தடவை எதையும் தொடவில்லை. மேஜைப் பெயரோடு ஃபோட்டோ எடுத்தேன். ஐ.சி.யூ., கேஷுவாலிட்டி, வார்டுகள். லேப் மேஜை ஒன்றுகூட இல்லை. பிறகுதான் மூடிய செஷன் பத்து நிமிஷத்தில் தானாக முடியும்படி அமைப்பை மாற்றினேன். திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒரு டிக், அவ்வளவுதான். முதல் திங்களே செய்திருக்க வேண்டியது.

அட்மின் சாரிடம் ஓடினேன். "பாருங்க சார், ஜெசிந்தா அக்கா மேல தப்பே இல்ல. அவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க." அவர் ஃபோட்டோவைப் பெரிதாக்கி, பெயர் இருந்த வரிசையை மட்டும் மேலிருந்து கீழே விரலால் தள்ளிப் பார்த்தார். "ஓ, முரளியுமா? சரி, அடுத்து யாரைப் போடலாம்னு யோசிக்கிறேன்."

அக்கா இன்றும் இரண்டு பஸ் மாறிக் கேளம்பாக்கம் போகிறார். எங்கள் ஆபீஸோ இந்த வருஷ அப்ரைசலில் என்னைப் பற்றி ஒரே ஒரு நல்ல வார்த்தை எழுதியிருக்கிறது, என் அறிக்கைகள் சுருக்கமாக இருக்கின்றனவாம்.