கீப்பர் விட்டதாகச் சொன்ன கோல்

எங்கள் அணியின் கோல்கீப்பர் வீராம்பட்டினத்துக்காரன். வலையிழுத்து உரமேறிய கை. அவன் பிடித்த பந்து நழுவி நான் பார்த்ததில்லை. அவனுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரன் நான். ஆறு வருஷம் ஒருவர் குரலுக்கு ஒருவர் நகர்ந்து பழகியவர்கள்.

ஓர் இறுதிப் போட்டி முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது வலப்பக்கத்திலிருந்து பந்து உயரமாக வந்தது. அவன் கையை நீட்டிவிட்டான். "விடு, என்னுது!" என்று கத்தினேன். என்னை நம்பிக் கையை இழுத்துக்கொண்டான். நான் எம்பினேன், எட்டவில்லை. பந்து தரையில் ஒரு தரம் குத்தி, அவனுக்குப் பக்கத்திலேயே உள்ளே போனது.

பார்த்தவர்களுக்கு, கைக்கெட்டிய பந்தைக் கீப்பர் விட்டுவிட்டான், அவ்வளவுதான். பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் "ஓட்டக்கை" என்று திட்டினார். ஊரே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. அவர் திட்டும்போது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு அந்த வாரம்தான் எங்கள் இருவர் பெயரும் போகவேண்டும். நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன். என் பெயர் மட்டும் போனது.

அதன் பிறகு அவன் ஆட வரவில்லை. நான் உழவர்கரையில் வீடு கட்டினேன், பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். வீராம்பட்டினம் தேருக்கு வீட்டில் கூப்பிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவேன்.

போன வருஷம் ஓய்வு பெற்ற பிறகுதான் அவனைத் தேடிப் போனேன். வாசலில் ஒரு படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அடையாளம் தெரிந்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவன் மனைவி டீ கொண்டுவந்தாள். அவள் நிற்கும்போதே சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு விடுன்னு கத்துனது நான்தான். தப்பு உன்னுது இல்ல."

"எனக்குத் தெரியாதா? நீயா வந்து சொல்லுவேன்னு ஒரு வாரம் பாத்தேன். அப்புறம் அப்பாகூட கடலுக்குப் போயிட்டேன்."

அவன் மனைவியால்தான் தாங்க முடியவில்லை. "எங்கிட்டகூட சொல்லலையே இந்த மனுஷன்! ஓட்டக்கை புள்ளன்னு சொன்னதுக்கு என் மவன் எத்தினி சண்ட போட்டிருப்பான் தெரியுமாண்ணே? அவன பந்தாடவே நான் விடல." டீத் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "எங்ககிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? ஊருக்குச் சொல்லுங்க" என்றாள்.

"டீ ஆறுது, குடி" என்றான் அவன்.

பழைய ஆட்டக்காரர்கள் நாங்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். அவனை யாரும் அதில் சேர்க்கவில்லை, நானும்தான். வீட்டுக்கு வந்ததும் எதையும் ஒளிக்காமல் அதில் எழுதிப் போட்டேன். இரண்டு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் அதற்குக் கீழேயே பேரனின் படத்தைப் போட்டார். எங்கள் கேப்டனாக இருந்தவர் மட்டும் கேட்டார்:

"எந்த மேட்ச்பா?"

சொன்னேன்.

"அதுல நாம தோத்தமா?"

இதை அவளிடம் எப்படிப் போய்ச் சொல்வது? இன்னும் போகவில்லை.