ஒட்டுப்பால் ஆடு

அயர்லாந்துக்கு வந்து ஒன்பது வருடமாகியும் ‘லவ்லி’ என்ற சொல் எனக்குப் பிடிபடவில்லை. மழை நின்றால் லவ்லி. நான் கொண்டுபோன சாம்பாரைத் தொடாமலே மூடி வைக்கிறவரும் லவ்லி என்பார். நம்மூரில் சாம்பார் நன்றாக இல்லையென்றால் முதல் வாயிலேயே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அதனால்தான் இங்கே எங்கள் சிற்றூர் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் நோரா, என் அக்கா செய்த ஆட்டின் படத்தைப் பார்த்து, “லவ்லி, ஒரு மாதம் கூடத்தில் வைப்போம்” என்றபோது சந்தோஷத்தைவிடப் பதற்றமே எனக்குக் கூடியது.

அக்கா குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் ரப்பர் வெட்டுகிறவள். மரப்பட்டையில் வெட்டின கோட்டில் வழிந்து உறைந்த பாலை மறுநாள் நாடாவாக உரித்தெடுப்பார்கள், அதுதான் ஒட்டுப்பால். எல்லோரும் அதைச் சாக்கில் திணித்து விற்பார்கள். அக்கா கம்பிச் சட்டத்தின்மேல் அதைச் சுற்றிச் சுற்றி, என் இடுப்பளவு உயரத்தில் ஒரு சினையாட்டைச் செய்திருந்தாள். வயிற்றின் கனம் தாங்காமல் பின்கால்களை அகட்டி நிற்கிற ஆடு. “நான் செஞ்சத நாலாளு நின்னு பாக்கணும் மக்கா. ஒரு போட்டா அனுப்பு, அது போதும்” என்றாள். என்னிடம் அவள் இதுவரை வேறெதுவும் கேட்டதில்லை.

ஒட்டுப்பால் நாறும். ரப்பர்ச் சாக்கு ஏறின பஸ்ஸில் வந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நானோ அந்தச் சாக்குகளின்மேல் சாய்ந்து பாடம் படித்தவன். ஆனால் அக்கா ஆட்டை வைத்து அனுப்பி, இங்கே வந்திறங்கிய பெட்டியைத் திறந்ததும் என் கை தானாக மூக்கைப் பொத்திவிட்டது. சீ, நானும் ஒரு மனுசனா என்று இருந்தது. வினிகரில் துடைத்தேன். பவுடர் போட்டேன். பவுடர் போட்ட ஒட்டுப்பால் இன்னும் மோசமாக நாறியது.

வழியில் ஆட்டின் கால் ஒடிந்துவிடாமல், காரின் பின்சீட்டில் கம்பளி சுற்றிக் கொண்டுபோய் நூலகக் கூடத்தில் நிறுத்தினேன். பக்கத்திலேயே ஹீட்டர். அரைமணி நேரத்தில் வாடை எழும்பிற்று. பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த பெரியவர் நாற்காலி மாறினார். ஒரு தாய் தன் குழந்தையின் டயப்பரைச் சோதித்தாள்.

நோரா வந்து, “இது இன்னும் காயவில்லையோ?” என்றார்.

“நன்றாகக் காய்ந்ததுதான். தொட்டுப் பாருங்கள்” என்றேன். அவர் கேட்டது அதுவல்ல என்று எனக்குத் தெரியாதா என்ன!

அவர் ஒரு விரலால் தொட்டுவிட்டு, “லவ்லி. வெளிக்காற்று இதற்கு நல்லது, இல்லையா?” என்றார். ஐந்தாவது நிமிடம் நானும் அவருமாக ஆட்டைத் தூக்கி வாசலுக்கு வெளியே கூரைச் சார்ப்பில் வைத்தோம். உள்ளே வந்ததும் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். வெளியே ஐஸ்போலத் தூறிக்கொண்டிருந்தது. குடையோடு வந்தவர்கள் ஆட்டைப் பார்க்காமல் உள்ளே ஓடினார்கள்.

அப்போது பார்த்து அக்கா அழைத்தாள். “ஆளுவ வந்தாவளா மக்கா?”

பொய் சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன், வரவில்லை. “வந்தாவக்கா. நாறுதுண்ணு வெளிய வச்சாச்சு.”

அக்கா சிரித்தாள். “ஒட்டுப்பாலு நாறாம பின்ன மணக்குமா? அவியளுக்கு அது பழக்கமில்லல்லா.” சிரிப்பு நின்றது. “ஒள்ளதச் சொல்லு. நீயும் மூக்கப் பொத்தினியா?”

“இல்லக்கா.”

“அதானே! எனக்க தம்பியில்லா” என்றாள். அந்தக் குரலில் இருந்த பெருமையை என்னால் தாங்க முடியவில்லை. “செரி, ஆட்டுக்க பக்கத்துல நீயாவது நின்னு ஒரு போட்டா எடுத்து அனுப்பு.”

“இப்ப எடுக்கேன்” என்றேன். கதவுக்கு அப்பால் ஆடு சாரலில் நனைந்துகொண்டிருந்தது. நான் சூடான கூடத்தில், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.