சின்ன ஹிட்ச்

"ஒரு சின்ன ஹிட்ச். சரக்கு இரண்டு நாள் தாமதமாகும்." ஐப்பசி கடைசி வெள்ளியன்று, பெருமாநல்லூர் பனியன் கம்பெனியிலிருந்து சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல் இது.

அன்று காலை துணியை அழுத்தும் ரோலரில், அந்த மெஷினை ஓட்டும் செல்வத்தின் வலது கை சிக்கிக்கொண்டது. அவரைக் கோவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மேனேஜர் என் மேசைக்கு வந்தார்.

"பையர் பயந்துக்குவாருங்க. டிக்சனரிய முழுங்குனவருங்க நீங்க, சின்னதா ஒரு வார்த்தை போட்டு உடுங்க."

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. க்ளிட்ச் என்றால் மெஷின் கோளாறு என்று சந்தேகம் வரும். ஸ்னாக் என்றால் எதிர்பாராத தடை, என்னவென்று கேட்பார்கள். ஹிக்கப் விக்கலைப்போலத் தானே நின்றுவிடுவது, கொஞ்சம் விளையாட்டுத்தனம். ஹிட்ச் வேலையைச் சற்று நிறுத்திவைப்பது, அவ்வளவுதான். அதையே போட்டேன்.

அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங்கில் வேலை பார்க்கும் செல்வத்தின் மனைவி நின்றிருந்தார்.

"சார், ஆஸ்பத்திரிக்குப் பேசுனீகளா? அவுக கைய எடுக்கணும்னு சொல்றாகளாமே?"

"இல்லம்மா, பையருக்கு மெயில் எழுதிட்டிருந்தனுங்க."

"இம்புட்டு நேரமுமா சார்?"

அதற்குள் பையரின் பதில் வந்துவிட்டது: பரவாயில்லை, இன்னும் ஒரு நாள்கூடப் பொறுக்கலாம்.

மறுவாரம் அந்தக் குடும்பம் ஆஸ்பத்திரியிலிருந்தே தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டது. நான்கு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இப்போது கேட்டாலும் சொல்வேன். செல்வத்தின் கையை எடுத்தார்களா, காப்பாற்றினார்களா என்பதை மட்டும் இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. அவர் மனைவியின் எண்ணில் மணி அடிக்கிறது, எடுப்பதில்லை.