பெட்டி தொங்குது, கொஞ்சம் பொறுங்க

காலடிப்பேட்டை தாமஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஐம்பதடி உயரக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி அடுக்குவது பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் மகள் ஷாலுவோடு சேர்ந்து போனில் கட்டை அடுக்குகிறார். நாளெல்லாம் செய்கிற வேலையையே ஒரு மனிதன் வீட்டிலும் விளையாட்டென்று செய்தால் மனைவி சும்மா இருப்பாளா? மெர்லின் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "வூட்ல ஃபியூஸ் போன பல்பு மூணு மாசமா அப்டியே கீது. தொரை போன்ல கோட்டை கட்டிகினு கீறாரு."

அது பிள்ளைகள் வெறியாகக் கிடக்கும் விளையாட்டு. கல், மரம், கண்ணாடி என்று சதுரக் கட்டைகளை அடுக்கி வீடு, பாலம், ஊர் எதை வேண்டுமானாலும் கட்டலாம். நிஜச் சென்னையில் அரை கிரவுண்டு வாங்க வக்கில்லாத நம் பிள்ளைகள் அதில் ஆளுக்கொரு தீவு வைத்திருக்கிறார்கள். பட்டா வேண்டாம், பத்திரம் வேண்டாம். ஒரே வில்லங்கம், பெற்றோர்.

தாமசும் முதலில் அந்த வில்லங்கம்தான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை என்று ஒருநாள் ஷாலுவின் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டார். அவள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் பகல் ஷிப்டு முடியும் நேரம். மாற்று ஆள் கொஞ்சம் முன்னதாகவே ஏறி வந்து, "எறங்கு மாமு, நான் பாத்துக்கறேன்" என்றான்.

"பொட்டி தொங்குது, கண்ணு தெர்ல? கீய வெச்சிட்டுதான் எறங்குவேன்" என்று சீறினார் தாமஸ். அந்தரத்தில் சுமை தொங்கும்போது யாரும் கூண்டை விட்டு இறங்குவதில்லை. அங்கே அது சட்டம். சீறி முடித்தவருக்கு, பாதிச் சுவரில் போனைப் பறிகொடுத்த ஷாலுவின் முகம் நினைவுக்கு வந்தது.

அன்று மாலை மகளிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பாக்கள் மகள்களிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் காலடிப்பேட்டையில் அதுவரை இருந்ததாகத் தெரியவில்லை. அதன்பிறகு வீட்டில் புதுச் சட்டம். நிறுத்த வேண்டிய நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே, "ஷாலு, ஷிப்டு முடியப் போவுது, தொங்கறத எறக்கு" என்று குரல் கொடுப்பார். அவள் கட்டுகிற சுவரை முடித்துவிட்டுத் தானே போனை வைத்துவிடுவாள். இதைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பெற்றோர் ஒவ்வொருவராக யோசனை கேட்டு வந்தார்கள். எல்லாருக்கும் பொட்டி தொங்கிய கதையைச் சொல்வார்.

அப்படித்தான் மளிகைக்கடை ராமசெல்வியும் வந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி.

"தாமஸ் அண்ணே, எம் மவ மதி எங்கிட்ட பேசி ஒம்பது நாளாச்சு. அப்பாட்ட பேசுதா, கடைக்கு வார பூனைகிட்டகூட பேசுதா. எங்கிட்ட வாயத் தொறக்க மாட்டேங்கா."

"இன்னாக்கா பண்ண?"

"பரீட்சை வருதேன்னு அந்த வெளையாட்டையே போன்லருந்து அழிச்சிட்டேன். மூணு வாரமா அவ கட்டுனதெல்லாம் அதோட போயிருமுன்னு நான் கண்டனா?"

"அதுல இன்னா கட்டிகினு இருந்துச்சு கொயந்த?"

ராமசெல்வி விழித்தாள். எந்த மூட்டைக்குப் பின்னால் எந்த டப்பா இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள். "தெரியாதே அண்ணே."

"பொட்டிக்குள்ள இன்னா சரக்குன்னே தெரியாம கயட்டி வுட்டுகீற."

அவள் அழுதுவிட்டாள். தாமசுக்குப் பேஜாராகிவிட்டது, அழுகிறவர்களை இறக்கி வைக்கக் கிரேனில் வழியில்லை. "அயாதக்கா. மறுபடி ஏத்து. நீயே வெளையாடு. மேஸ்திரியா போவாத, சித்தாளா போ. அது கண்ணுல படற மாரி ஒக்காரு. வான்னு மட்டும் கூப்டாத."

மறுநாள் ஞாயிறு மதியம், கடையில் ஈ ஓட்டும் நேரம், ராமசெல்வி கல்லாவில் உட்கார்ந்து விளையாடத் தொடங்கினாள். நாலு சுவர் எழுப்பினாள். அதற்கு மேல் கிடைத்த கட்டை எதையும் செலவழிக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் பெட்டிகளில் போட்டுச் சுவரோரம் அடுக்கினாள். சுவரோரம் நிறைந்ததும் வாசலில் அடுக்கினாள். கடைக்காரக் கை வேறென்ன செய்யும்? கடைசியில் தான் கட்டிய வீட்டுக்குள் தானே அடைபட்டாள்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "எம்மா, வாசல்லயா கொண்டுபோய் அடுக்குவாவ? இப்ப எப்படி வெளிய வருவ?"

பத்தாம் நாள் முதல் பேச்சு. திட்டுதான். ராமசெல்விக்கு அது கோயில் அர்ச்சனையாகக் கேட்டது.

"தெரியலயே. நீ முன்ன என்னட்டி கட்டிக்கிட்டு இருந்த?"

மதி கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "லைட் ஹவுஸ். உச்சியில வெளக்கு மட்டுந்தான் பாக்கி."

"கேக்காம அழிச்சது தப்புதான் மதி. திரும்பக் கட்டுவோம். நான் கல்லு எடுத்துத் தாரேன்."

"அதான் வாசல் பூரா வச்சிருக்கியே!"

படித்து முடித்தபின் தினம் அரைமணி நேரம். முகம் தெரியாத யாரையும் தீவுக்குள் சேர்ப்பதில்லை, ஷாலு மட்டும் வரலாம். இப்படி ஒப்பந்தம் ஆயிற்று.

தாமசுக்கு எப்படி நன்றி சொல்வது? முந்திரி கொடுத்தாள், வாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி ராயபுரம் சர்ச்சுக்குப் போய், அந்தோணியார் சுரூபத்துக்கு முன் அவர் பெயரில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து சொன்னாள்.

"இன்னாக்கா, நான் உசுரோடதான கீறேன்?"

"அப்படியே இருக்கணும்னுதான் ஏத்துனேன் அண்ணே."

சனிக்கிழமை மாலை தாமஸ் கடைக்கு ஓடி வந்தார். "கால் கிலோ கடலை மாவுக்கா, சீக்கிரம். எண்ணெ காயுது, உங்க மெர்லினும் காயுது."

அம்மாவும் மகளும் போனுக்குள் குனிந்திருந்தார்கள். ராமசெல்வி நிமிரவில்லை. "கொஞ்சம் பொறுங்க அண்ணே. பொட்டி தொங்குது."

தாமஸ் வாயை மூடிக்கொண்டு நின்றார். மதி கோபுரத்தின் உச்சியில் விளக்கை வைத்தாள். ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். யாரும் கேட்காமலே போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் பூனையைத் தேடிப் போனாள்.

ராமசெல்வி கடலை மாவைக் கட்டினாள். பையில் ஒரு பல்பையும் போட்டாள்.

"இதையாவது வேண்டாங்காதீங்க அண்ணே. மெர்லின் அக்கா தெருவுக்கே சொல்லிட்டாவ."

தாமஸ் வாங்கிக்கொண்டார். அன்றே மாட்டினாரா என்பதை மெர்லினிடம்தான் கேட்க வேண்டும்.